யாரும் வாங்காத கல்

"அந்தக் கல்ல ரோட்டுல போட்டது நான் இல்ல தாயி" என்றார் பலவேசம்.

வடிவம்மா கஞ்சிப் பானையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி அண்ணாச்சி" என்றாள்.

"நான் அதைத் தொடக்கூட இல்ல."

"சரி."

"பிறகு ஏன் எனக்குக் கால் உதறுது?"

அவள் நிமிர்ந்து அவர் காலைப் பார்த்தாள். தேய்த்த பானையைக் கவிழ்த்துவிட்டு அடுத்த பானையை எடுத்தாள்.

பலவேசத்துக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தேழு வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர். ஒரு கோழியைக்கூட அடித்தது கிடையாது. அவர் ஓட்டுகிற மினி பஸ்ஸில் ஏறினால் மடியில் இருக்கிற பிள்ளை முழிக்காது என்று பொம்பளைகள் சொல்வார்கள்.

வடிவம்மாவுக்கு முப்பத்தாறுதான் இருக்கும். முழுப் பேர் சண்முகவடிவு. நடந்தே திருச்செந்தூர் போகிற ஜனங்கள் தங்குகிற மடத்தில் கஞ்சி காய்ச்ச வந்தவள். மடத்துப் பெரிய சாமி காலமான பிறகும் அவரிடம் கேள்வி கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சாமி இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப இவளுக்கு மனசு வரவில்லை. உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள். அவர்கள் குடித்துக்கொண்டே தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். இவள் ஏதாவது சொல்லுவாள். பல நாள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனாலும் எழுந்து போகிறபோது வந்த முகம் மாறியிருக்கும்.

பலவேசம் மூன்று வருஷமாக அவளுக்குச் சிஷ்யர். அவளை விட்டால் இந்த உலகத்தில் யாரிடமும் அவர் கைகட்டி நின்றதில்லை.

நடந்தது என்ன என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

ஓடைப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் ரோடு மேடு. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு மணல் லாரி அங்கே பழுதாகி நின்றது. பின்னால் உருண்டுவிடாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். விடியற்காலம் லாரி கிளம்பிப் போய்விட்டது. கல் அங்கேயே கிடந்தது. நடு ரோட்டில்.

திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குப் பலவேசம் வண்டியோடு வந்தார். கல்லைப் பார்த்தார். ஸ்டியரிங்கை ஒடித்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

எட்டே காலுக்குச் செல்வக்கனி மொபட்டில் வந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். பிள்ளைகளுக்கு அன்றைக்குப் போடவேண்டிய முட்டையைப் பின்னால் அட்டை அட்டையாகக் கட்டியிருந்தாள். முன்சக்கரம் கல்லில் ஏறியது. அவளுக்குத் தொடை எலும்பு முறிந்தது.

"நான் திரும்பி வரையில பாத்தேன் தாயி. ரோடெல்லாம் மஞ்சளாக் கெடந்துச்சு. அந்தப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஒத்தச் செருப்பு மட்டும் கெடந்துச்சு."

அன்றைக்கு வண்டியை விட்டு இறங்கியவர்தான். மறுநாள் கிளச்சில் கால் வைத்தார். கால் நிற்கவில்லை. ஒன்பது நாளாகிறது. வருகிற திங்கட்கிழமை வராவிட்டால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"தப்பு என் மேல உண்டுன்னா உண்டுன்னு சொல்லிருங்க. வண்டியை விட்டுட்டு ஆடு மேய்க்கப் போயிருதேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிருங்க. திங்கக்கிழமை ஏறி உக்காந்திருவேன். ரெண்டுல ஒண்ணு."

"அந்தக் கல்லு இப்ப எங்க?"

"ரோட்டோரத்துல கெடக்கு. யாரோ உருட்டி விட்டிருக்காங்க."

"எடுத்துட்டு வாங்க."

ஏதோ பூசை செய்து தோஷம் கழிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார். கல் கருங்கல். பத்து மாதப் பிள்ளையின் கனம் இருந்தது. ஒரு பக்கம் டயர் அச்சு கறுப்பாகப் பதிந்திருந்தது. தோளில் வைத்தால் நழுவியது. கையில் வைத்தால் இழுத்தது. கடைசியில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வடிவம்மா கையைத் துடைத்துக்கொண்டு கல்லைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல கல்லு. யாரோடது?"

"என்னோடது இல்ல."

"அப்ப உடையவங்ககிட்டக் குடுத்திருங்க. அவங்க கையில வாங்கணும். குடுத்துட்டுப் போய் வண்டியை எடுங்க."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

பலவேசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. இவ்வளவு லேசான வேலைக்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று நினைத்தார்.

*

வியாழக்கிழமை அந்த லாரியைத் தேடிப் போனார். மணல் ஏற்றுகிற இடத்தில் நின்றது. டிரைவர் அந்தோணிராஜ் வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"நம்ம கல்லு மாதிரில்லா இருக்கு" என்றான்.

"உன் கல்லுதான். இந்தா, பிடி."

பலவேசம் விஷயத்தைச் சொன்னார். அந்தோணிராஜ் மெல்ல வெளியே வந்து உட்கார்ந்தான். கல்லை இன்னொரு தடவை பார்த்தான்.

"நம்ம கல்லு இல்ல" என்றான்.

"டயர் அச்சு இருக்கேப்பா."

"இருக்கட்டும். ஒண்ணு கேக்கேன், சொல்லுங்க அண்ணாச்சி. நீங்களும் டிரைவர். மேட்டுல நிக்கிற வண்டிக்கு முட்டுக் குடுத்தது தப்பா?"

"தப்பில்ல."

"குடுக்காட்டி?"

"வண்டி உருண்டிருக்கும்."

"அப்ப ஒரு ஆளு விழுந்ததுக்கு அழுதீங்க. உருண்டிருந்தா ஊரே அழுதிருக்கும். அது என்னால நடக்கல. அதுக்கு யாராச்சும் ஒரு டீ வாங்கிக் குடுத்தாங்களா?"

"வச்சது சரி. எடுத்திருக்கணும்லா?"

"முதல் கியர்ல மேட்டுல நகர்ந்த வண்டியை நிறுத்திட்டு இறங்க முடியுமா? முன்னெல்லாம் வண்டிக்கு ரெண்டு பேரு. நான் எடுப்பேன், கிளீனர் கல்லைத் தூக்கிட்டு ஓடி வந்து ஏறுவான். அது கிளீனர் வேலை."

"கிளீனர் எங்க?"

"கிளீனர் கிடையாது. முதலாளி நிறுத்திட்டாரு."

பலவேசம் யோசித்துப் பார்த்தார். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மேட்டில் ஏற்றிய வண்டியை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியாதா?

"அந்தப் பொண்ணு நல்லாருக்கா?" என்று அந்தோணிராஜ் கேட்டான்.

"படுத்திருக்கா."

அவன் மறுபடியும் வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

*

பாலத்துக்குப் பக்கத்தில் சங்கிலியின் டீக்கடை. கடையில் நின்று பார்த்தால் கல் கிடந்த இடம் நேரே தெரியும்.

"என்ன வே, ஒத்தக் கல்லுல கோயில் கட்டப் போறீரா?" என்றார் சங்கிலி.

"இத அன்னைக்குப் பாத்தீரா?"

"பாக்காமலா? விடிஞ்சு கடை தொறக்கையிலயே பாத்தேன். பதறிட்டேன். உடனே ஒரு வேப்பங் கொப்ப ஒடிச்சுக் கல்லு மேல சொருகி வச்சேன். தூரத்துல வரவனுக்குத் தெரியணும்லா? என்னால எத்தன பேரு தப்பிச்சான் தெரியுமா?"

"அந்தப் பிள்ளை வரையில கொப்பு எங்க போச்சு?"

சங்கிலி பால் சட்டியைக் கிண்டினார்.

"ஆடு தின்னுட்டு."

"ஆடா?"

"எட்டு மணிக்கு மந்தை போகும்லா. ஒரு வெள்ளாடு அப்படியே இழுத்துட்டுப் போயிட்டு. நானே சத்தம் போட்டேன். ஆட்டுக்கு என்னத்த தெரியும்."

"கொப்பு ஒடிச்சுக் கொண்டு வந்து சொருகின நேரத்துல கல்லத் தூக்கி ஓரமாப் போட்டிருக்கலாமே வே."

சங்கிலி கிண்டுவதை நிறுத்தினார். இது அவருக்கு இதுவரைக்கும் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு முகம் பழையபடி ஆனது.

"ஒண்ணும் செய்யாமப் போனவனெல்லாம் நல்லவன். கொப்பு வச்சவன் கெட்டவனாக்கும். நீரு அந்த வழியாத்தானே போனீரு? நீரு என்ன வச்சீரு?"

பலவேசம் கல்லைத் தூக்கிக்கொண்டார். டீ குடிக்கவில்லை.

*

சாயங்காலம் மடத்தில் வடிவம்மா கேட்டாள்: "யாரு வாங்கினா?"

"யாரும் வாங்கல."

"கை வலிக்கா?"

"வலிக்கு."

"கஞ்சி குடிங்க."

*

வெள்ளிக்கிழமை ரோடு பராமரிக்கிற வெள்ளச்சாமியைப் பிடித்தார். நல்ல மனுஷன். கல்லைப் பார்த்ததுமே மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "வாங்க, போய்ப் பாத்திருவோம்" என்று பாலத்துக்கே கூட வந்தான்.

"எந்த இடத்துல கெடந்துச்சு?"

பலவேசம் காட்டினார். தாரில் இன்னும் ஒரு கீறல் இருந்தது. வெள்ளச்சாமி அங்கேயிருந்து பாலத்துச் சுவர் வரைக்கும் காலால் அடி அளந்தான். திரும்பி அளந்தான். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து கீறலைத் தடவினான்.

"பாலம் ஒரு ஆளு பாக்கான். ரோடு நான் பாக்கேன். இது ரெண்டும் சேருற மூட்டுல கெடந்திருக்கு அண்ணாச்சி."

"அதனால?"

"அவன் இது ரோடும்பான். நான் பாலம்பேன்."

"நீ என்ன சொல்லுத?"

வெள்ளச்சாமி எழுந்து தலையைச் சொறிந்தான்.

"இன்னும் நாலடி இந்தப் பக்கம் கெடந்திருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன். என் பிள்ளை மேல சத்தியமா."

அவன் சொன்னது நிஜம் என்று பலவேசத்துக்குத் தெரிந்தது. நாலடி தாண்டி வராமல் போனதும் நிஜம்தான்.

அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு ஒருவர் மேஜையில் வைத்த கல்லையும் பலவேசத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இறக்கி வையும்யா. கண்ணாடி உடஞ்சிரும்."

பலவேசம் தரையில் வைத்தார். ஏட்டு ஒரு காகிதக் கட்டைப் புரட்டி வாசித்தார்.

"'மேற்படி பெண் கவனக்குறைவாக ஓட்டித் தானாகக் கீழே விழுந்து காயமடைந்தார்.' கேஸ் முடிஞ்சாச்சு. இதுல கல்லுன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லையே."

"இல்லாத கல்ல நான் எப்படி வாங்க?"

"இது இங்கதானே இருக்குங்க ஐயா."

"உமக்கு இருக்கு. எனக்கு இல்ல. எடுத்துட்டுக் கிளம்பும்."

*

சனிக்கிழமை அவருக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. போகவேண்டிய இடம் ஒன்று பாக்கி இருந்தது. அந்தப் பக்கமே அவர் கால் திரும்பவில்லை. கல்லை இடுக்கிக்கொண்டு சும்மா நடந்தார். கை மரத்துப்போனது. மத்தியானம் ஒரு புளியமரத்தடியில் கல்லை இறக்கிவைத்து, துண்டை விரித்துப் படுத்தவர் அயர்ந்துவிட்டார்.

முழித்தபோது கல்லின் நெற்றியில் குங்குமம் இருந்தது. ஒரு அரளிப் பூவும் இருந்தது.

ஒரு அம்மாள் கைகூப்பி நின்றாள். தலையில் புல்லுக்கட்டு.

"எந்தூருக்குப் போற சாமி, அண்ணாச்சி?"

"சாமி இல்லம்மா. ரோட்டுல கெடந்த கல்லு."

"எந்தச் சாமிதான் முதல்ல ரோட்டுல கெடக்கல" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் போனாள்.

பலவேசம் பூவை எடுத்துத் தூரப் போட்டார். துண்டில் எச்சில் தொட்டுக் குங்குமத்தைத் துடைத்தார். அது லேசில் போகவில்லை. அழுத்தி அழுத்தித் துடைத்தார். அந்தக் கல்லை யாரோ கும்பிட்டது, அதை யாரும் வாங்காததைவிட அவருக்குப் பொறுக்கவில்லை.

*

மடத்துக்கு வந்தவர் கல்லை வடிவம்மா முன்னால் தொப்பென்று போட்டார். மூன்று வருஷத்தில் அவள் முன்னால் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"விளையாடுதீங்களா தாயி? நாளைக்கு ஞாயிறு. திங்கக்கிழமை என் பொழப்பு போயிரும். வச்சவன் கிளீனர் வேலைங்கான். பாத்தவன் ஆட்டைச் சொல்லுதான். ரோட்டுக்காரன் நாலடிங்கான். போலீசு கல்லே இல்லைங்குது. எல்லாரும் சொல்லுறது நியாயமாத்தான் இருக்கு. நான் யாரைப் போய் அடிக்க?"

வடிவம்மா குனிந்து கல்லைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துப் பார்த்தாள். இரண்டு எட்டு நடந்து பார்த்தாள்.

"கனமாத்தான் இருக்கு" என்றாள்.

அந்த ஒரு சொல்லில் பலவேசத்தின் கோபம் அடங்கிப்போனது. மூன்று நாளாக அத்தனை பேரைப் பார்த்தார். அதைத் தூக்கிப் பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

"வேற யாரையாவது கேக்கணுமா?" என்றாள்.

"இல்ல."

"யாருமே பாக்கி இல்லையா?"

"யாரும் இல்ல."

அவளிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. அவள் அதைப் பொய் என்று சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அவரைச் சிறுமைப்படுத்தவும் இல்லை. உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அவர் மடத்துத் தாழ்வாரத்தில் முழித்தபோது, கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளி இருந்தது. மூடியைத் தொட்டார். சுட்டது.

"இது யாருக்கு தாயி?"

"படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குக் கஞ்சி நல்லது" என்றாள் வடிவம்மா. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ஆறிப்போனா நல்லாருக்காது."

எத்தனை பெரிய சாமியும் ஒரு மனுஷனை இவ்வளவு மென்மையாக முதுகில் கைவைத்துத் தள்ளிவிட முடியாது. பலவேசம் எழுந்தார். ஒரு கையில் தூக்குவாளி, இடுப்பில் கல்.

*

செல்வக்கனியின் வீடு ஒற்றை அறை, மேலே ஓடு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப்போட்ட காலை மடித்த போர்வை மேல் நீட்டியிருந்தாள். மடியில் முறம். முறத்தில் முருங்கைக்கீரை. கொத்துக் கொத்தாக உருவிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் விழவும் நிமிர்ந்தாள்.

"அட, மினி பஸ் அண்ணாச்சி. வாங்க, வாங்க. எழுந்திருக்க முடியாது, கோவிச்சுக்கிடாதீங்க."

"என்னத் தெரியுமா?"

"உங்க வண்டியிலதானே எங்கம்மா வீட்டுக்குப் போவேன். வளைவுல நீங்க திரும்புனா தூக்குவாளியில இருக்கிற சாம்பார் தளும்பாது."

பலவேசத்துக்கு உட்காரத் தோன்றவில்லை. கஞ்சியை நீட்டினார்.

"மடத்து வடிவம்மா குடுத்துவிட்டாங்க."

"அவங்களா? எனக்கா?" அவள் வாளியை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். "கால் எப்படிம்மா இருக்குன்னு கேக்காதீங்க. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்காங்க. கை நல்லாத்தான் இருக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கீரை. என் இடத்துல நிக்கிற பிள்ளைக்கு உருவத் தெரியாது, காம்போட போட்டுருது. அதான் இங்க வாங்கி உருவிக் குடுத்து விடுதேன்."

பிறகு அவர் இடுப்பைப் பார்த்தாள்.

"அது என்ன?"

"அந்தக் கல்லு."

அவர் அதைக் கட்டிலுக்குக் கீழே இறக்கினார். அவள் எட்டிப் பார்த்தாள். கீரை உருவின கை நின்றுபோனது.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "கனவுல பெருசா வருது."

பலவேசம் தரையில் உட்கார்ந்தார். வடிவம்மா சொன்னதைச் சொன்னார். உடையவரைத் தேடி அலைந்ததைச் சொன்னார். கிளீனர் இல்லாத வண்டியைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கீரையை உருவினாள். ஆடு வந்த இடத்தில் சிரித்துவிட்டாள். சிரித்ததில் கால் அசைந்து, "அம்மா" என்று பல்லைக் கடித்தாள்.

"சிரிக்க வைக்காதீங்க அண்ணாச்சி."

நாலடிக்கு அவள் சிரிக்கவில்லை. 'தானாக விழுந்தார்' என்றதும் தலையை ஆட்டினாள்.

"அதுவும் ஒரு வகையில சரிதான்."

"என்னம்மா சொல்லுத?"

"முட்டை எடுக்கப் போகையில ஏழரைக்கு நானும் அந்த வழியாத்தானே போனேன். பாத்தேன். நிறுத்தி உருட்டி விடணும்னு நெனச்சேன். முட்டை இறக்குறவன் போயிருவானோன்னு பயம். வரையில பாத்துக்கிடலாம்னு சுத்திப் போயிட்டேன்." அவள் ஒரு கொத்தை உருவி முறத்தில் போட்டாள். "வரையில வெயில் நேரே கண்ணுல. கல்லு மறந்தே போச்சு. பிள்ளைங்களுக்கு அன்னைக்கு முட்டை இல்லாமப் போச்சே, அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

ஆஸ்பத்திரி போய் வந்தவள், காலில் கம்பி வைத்தவள், முட்டையை நினைத்துக்கொண்டு கிடக்கிறாள்.

செல்வக்கனி முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள்.

"யாருமே வாங்கலேன்னா அதுக்காக நீங்க சுமந்துக்கிட்டே திரியவா? வயசான காலத்துல. கொண்டாங்க இங்க. நான் வாங்கிக்கிடுதேன். நாளைக்கு நீங்க வண்டிக்குப் போகணும்லா."

இரண்டு கையையும் நீட்டினாள்.

நாலு நாளாக அவர் தேடி அலைந்த கை அதுதான். விரலில் கீரைப் பச்சை ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் தார் ரோட்டில் தேய்ந்த காயம் இன்னும் பொருக்குத் தட்டியிருந்தது.

பலவேசம் கல்லைத் தூக்கினார். அவள் கைக்கு ஒரு சாண் தூரத்தில் அது நின்றது.

"குடுங்கண்ணாச்சி."

அவர் கொடுக்கவில்லை.

"பயப்படாதீங்க. கீழ போட்டுற மாட்டேன்."

"அதில்லம்மா."

"பின்ன?"

அவர் கல்லைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டயர் அச்சை விரலால் தடவினார். வடிவம்மாவிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அன்னைக்கு வண்டியில அறுபது பேரு. கல்லப் பாத்தேன், ஒடிச்சேன். ஒடிச்சிட்டுக் கண்டக்டர்கிட்டச் சொன்னேன், 'இன்னைக்கு இதுல எவனோ ஒருத்தன் விழப்போறான் பாரு'ன்னு. வாயால சொன்னேன்மா. சொல்லிக்கிட்டே மூணாவது கியர் போட்டேன்."

செல்வக்கனியின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது.

தெருவில் யாரோ பிள்ளையை அதட்டினார்கள். வாளியின் மூடி ஓரத்தில் ஆவி வந்துகொண்டிருந்தது.

அவள் அவரைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பிறகு முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பலவேசம் எழுந்தார். கல் அவர் இடுப்பில் இருந்தது. கால் தரையில் ஊன்றி நின்றது.

"நாளைக்கு முதல் ட்ரிப்பு யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள் செல்வக்கனி.

"நான்தாம்மா" என்றார்.